கொலைக் கதை எழுதுவதும் குமாஸ்தா வேலைதான்

துப்பறியும் கதை எழுதுகிறவர்களைப் பற்றி நம் வயதுக்காரர்களிடம் பேச்சு வந்தால் இரண்டு விதமான அபிப்பிராயம்தான் காதில் விழுகிறது. ஒன்று, "அதெல்லாம் இடது கையால் எழுதித் தள்ளுவது சார், ரயிலில் படித்துவிட்டு ரயிலிலேயே விட்டுவிட்டு இறங்குகிற சரக்கு." இன்னொன்று, "எப்படித்தான் இத்தனை எழுதுகிறார்களோ, அது மூளையா மெஷினா!" முதலாவது இளக்காரம், இரண்டாவது பிரமிப்பு. இரண்டுமே, அந்த மனிதர் காலையில் எழுந்து நாற்காலியில் உட்கார்ந்து என்ன செய்கிறார் என்று பார்க்காமல் சொல்வது. முப்பது வருடத்துக்கு மேல் நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கியவன் நான். எனக்கு முதலில் அந்த நாற்காலி மேல்தான் கண் போகிறது.

என் படிப்பு பிரெஞ்சில். புதுச்சேரியில் அந்தக் காலத்தில் எங்களைப் போன்றவர்களுக்குத் துப்பறியும் கதை என்றால் ஷெர்லாக் ஹோம்ஸ் அல்ல, மெக்ரே. பிரான்சில் சேவை முடித்து ஊர் திரும்பிய சொல்தாக்கள் பெட்டியில் சோப்பு, சென்ட்டோடு நாலைந்து பழைய பாக்கெட் புத்தகங்களும் கொண்டுவருவார்கள். அதில் ஒன்றாவது ழோர்ழ் சிமெனோன் எழுதியதாக இருக்கும். "இதெல்லாம் இலக்கியம் இல்லை" என்பார் எங்கள் வாத்தியார். ஆனால் அகராதியைத் தொடாமல் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை நான் படித்து முடித்த முதல் பிரெஞ்சு நாவல் அந்த ரகம்தான். காரணம் பின்னால் தெரிந்தது. அந்த எளிய நடை வேண்டுமென்றே செய்த வேலை. பாரிசில் 'லெ மத்தேன்' பத்திரிகைக்கு இளைஞர் சிமெனோன் கதைகள் கொண்டுபோனபோது, அங்கே கதைப் பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்த எழுத்தாளர் கொலெத் அம்மையார் திருப்பித் திருப்பிக் கொடுத்து, இலக்கியம் பண்ணுவதை விடு என்றாராம். ஆயுள் முழுக்க அந்தப் புத்திமதியைக் கடைப்பிடித்தார் மனிதர்.

சிமெனோன் பெயரைச் சொன்னாலே வேகத்தைத்தான் சொல்வார்கள். ஒரு நாவலுக்குப் பதினோரு நாள். மெக்ரே நாவல்கள் மட்டும் 75, சிறுகதைகள் 28. மெக்ரே இல்லாத நாவல்கள் அதற்கும் மேலே. இந்தக் கணக்கைக் கேட்டவுடன் ஒருவர் மூக்கைச் சுளிப்பார், இன்னொருவர் வாயைப் பிளப்பார். நான் கேட்பது வேறு. அந்தப் பதினோரு நாளுக்கு முன்னால் என்ன நடந்தது?

1955-இல் ஒரு அமெரிக்க இலக்கியப் பத்திரிகைக்குக் கொடுத்த பேட்டியில் அவரே விவரமாகச் சொல்லியிருக்கிறார். முதலில் ஒரு மனநிலை, ஒரு ஊர், ஒரு பருவகாலம். பிறகு பெயர்கள். பெயர்களுக்கு டெலிபோன் டைரக்டரியைப் புரட்டுவார். அப்புறம் ஒரு மஞ்சள் உறையை எடுத்து அதன் மேல் குறிப்பு எழுதுவார்: பாத்திரத்தின் பெயர், வயது, அப்பா அம்மா யார், எங்கே குடியிருக்கிறார்கள். கதையில் வராத விவரம்கூட அதில் இருக்கும். கதை எப்படி முடியும் என்பது மட்டும் இருக்காது. அது எழுத எழுதத்தான் அவருக்கே தெரியவருமாம்.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இது நாம் சர்வீஸ் ரிஜிஸ்டர் திறக்கிற மாதிரிதானே! பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி, விலாசம். ஆள் பின்னால் என்ன ஆவான் என்று அதிலும் எழுதியிருக்காது.

அடுத்ததைக் கேளுங்கள். உறை தயாரானதும் பதினோரு நாளுக்கு எந்த அப்பாயின்ட்மென்டும் இல்லாமல் துடைத்து வைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிடுவார். டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்து, மற்றதெல்லாம் பார்த்து, சரி என்று சொன்ன பிறகுதான் முதல் அத்தியாயம். நீண்ட மெடிக்கல் லீவுக்குப் பின் டூட்டியில் சேர நாம் ஃபிட்னஸ் சர்ட்டிபிகேட் கொடுப்போமே, கிட்டத்தட்ட அது. ஒரு நாளைக்கு ஒரு அத்தியாயம், விடியற்காலையில் தட்டச்சு. ஒரு நாள்கூட விடக்கூடாது. நடுவில் 48 மணி நேரம் காய்ச்சலில் படுத்துவிட்டால் எழுதியதெல்லாம் குப்பைக்கூடைக்கு. அந்த நாவலைத் திரும்ப எடுக்கவே மாட்டார்.

முடிந்த பிறகு சில நாள் திருத்தம். அந்தத் திருத்தம் சேர்ப்பது அல்ல, வெட்டுவது. உரிச்சொல், வினையடை, அழகுக்காக மட்டும் வந்து உட்கார்ந்திருக்கும் வாக்கியம் எல்லாம் வெளியே. சூப்பரின்டென்டன்ட் நம் டிராஃப்டைச் சிவப்பு மையால் அடிப்பது போலத்தான், என்ன, இங்கே இரண்டு பேரும் ஒருவரே.

அது மட்டுமா? அந்தப் பதினோரு நாளுக்குப் பின்னால் பத்து வருடத்துக்கு மேல் நிற்கிறது. அவர் பெல்ஜியத்தில் லியேழ் நகரத்துப் பையன். அப்பா ஒரு இன்சூரன்ஸ் ஆபீசில் குமாஸ்தா. அப்பாவுக்கு இதய நோய், அதிக நாள் தாங்காது என்று டாக்டர் சொன்னதும் பதினைந்து வயதில் படிப்பை நிறுத்தினார். 1919-இல் உள்ளூர்ப் பத்திரிகையில் நிருபர். தினமும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் நேற்று என்ன திருட்டு, யார் யாரை அடித்தார் என்று எழுதிக்கொண்டு வருவதும் அந்த வேலையில் அடக்கம். அப்பா 1921-இல் போய்விட்டார். மறு வருடக் கடைசியில் பையன் பாரிசுக்கு வந்தார். அங்கே புனைபெயர்களில் மலிவு விலைக் கதைகள், காதல், சாகசம், எது கேட்டாலும் எழுதிக் கொடுத்தார். அப்படி எழுதியவையே ஏறத்தாழ 200. 1931-இல்தான் சொந்தப் பெயரில் மெக்ரே புத்தகங்கள் வெளிவந்தன, அந்த ஒரு வருடத்திலேயே பத்துக்குக் குறையாமல். உடனே ஊர் 'அதிசயம்' என்றது. பன்னிரண்டு வருடம் தினக்கூலி வேலை பார்த்தவன் கை பழகியிருக்காதா?

பாரிஸ் போலீஸ் தலைமையகத்தில் அப்போது இயக்குநராக இருந்த க்ஸாவியே கிஷார், மெக்ரே கதைகளில் அலுவலக நடைமுறை தப்புத் தப்பாக இருப்பதைப் பார்த்துவிட்டு, கூப்பிட்டு அனுப்பி, கட்டிடம் முழுக்கச் சுற்றிக் காட்டினார். எந்தக் காகிதம் எந்த மேஜைக்குப் போகும், விசாரணை நீதிபதி எங்கே குறுக்கே வருவார் என்பதை நேரில் பார்த்துத் தெரிந்துகொண்டார் சிமெனோன். மெக்ரேவை எனக்கு இவ்வளவு பிடிப்பதற்குக் காரணமே இதுதான். அவர் துப்பாக்கி தூக்கிக்கொண்டு ஓடுகிற ஆள் இல்லை. அரசு ஊழியர். ஆபீசில் ஒரு பழைய அடுப்பு, அதை மாற்றவிட மாட்டார். மேலே ஒரு நீதிபதி சதா அவசரப்படுத்துவார். மதியம் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போக முடியுமா முடியாதா என்று மனைவிக்கு போன் செய்வார். நாற்காலியில் உட்கார்ந்து தேய்கிற குமாஸ்தாவை பிரெஞ்சுக்காரர்கள் கேலியாக 'ரோன் தெ குய்ர்' என்பார்கள், அவன் கீழே போட்டுக்கொள்ளும் வட்டமான தோல் திண்டு அது. அந்தத் திண்டுக்காரர்களின் வாழ்க்கையை இளக்காரம் இல்லாமல் எழுதியவர் சிமெனோன். அதற்கு அவர் அப்பா காரணம் என்பது என் யூகம்.

சர்க்கஸ் பார்க்கத்தான் ஜனங்களுக்கு ஆசை. 1927-இல் ஒரு பத்திரிகை முதலாளி, சிமெனோன் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து பொதுமக்கள் முன்னால் ஒரு நாவல் எழுதப்போகிறார் என்று விளம்பரம் செய்தார். அது நடக்கவே இல்லை. ஆனால் நேரில் போய்ப் பார்த்தேன் என்று சத்தியம் செய்தவர்கள் பாரிசில் பல வருடம் இருந்தார்கள்! கூண்டு ஞாபகம் இருக்கிறது, மஞ்சள் உறை ஞாபகம் இல்லை.

நம் பக்கத்திலும் இதே கதைதான். கோயம்புத்தூர் ராஜேஷ்குமார் 1500 நாவல்களுக்கு மேல் எழுதியவர். 80-களில் மாதம் பிறந்தால் பெட்டிக்கடையில் கிளிப் போட்டு அவர் நாவல் தொங்கும். நம்மில் எத்தனை பேர் பஸ்ஸில் படித்துவிட்டு, வீட்டுக்குள் நுழையும் முன் பைக்குள் ஒளித்துவைத்தோம்? படித்த நேரத்தில் சுகமாகத்தான் இருந்தது. ஆனால் எழுதியவரைப் பற்றிப் பேசும்போது மட்டும் 'ஃபாக்டரி' என்கிறோம். மாதா மாதம் குறித்த தேதியில் அச்சகத்துக்கு முழு நாவல் போய்ச் சேர வேண்டும், அச்சகம் தலைவலிக்காகக் காத்திருக்காது. சுஜாதா பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் முழு நேர இன்ஜினீயராக இருந்துகொண்டே வாரத் தொடர்களில் கணேஷையும் வசந்த்தையும் கோர்ட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். தவறாமல் நேரத்துக்கு முடிக்கிற தச்சரை, தையல்காரரை நாம் மெச்சுகிறோம். எழுத்தாளர் நேரத்துக்கு முடித்தால் மட்டும் அவருக்கு மதிப்பு குறைகிறது. இது எனக்குப் புரிவதே இல்லை.

ஆனாலும் சிமெனோனை ஒரேயடியாகத் தூக்கிப் பிடிக்கவும் நான் தயாரில்லை. பதினோரு நாள் வீட்டையே நிசப்தமாக்கி, கதவில் 'தொந்தரவு செய்யாதே' அட்டை மாட்டிக்கொள்ள எல்லோருக்கும் முடியுமா? வெளியே யாரோ சமையலைப் பார்த்துக்கொண்டால்தான் உள்ளே அத்தியாயம் நகரும். அகதா கிறிஸ்டிக்குக்கூட ஆரம்பத்தில் தனி அறை கிடையாது. படுக்கையறையில் முகம் கழுவுவதற்கு வைத்திருக்கும் சலவைக்கல் மேஜை, இல்லாவிட்டால் இரண்டு வேளைச் சாப்பாட்டுக்கு நடுவே சாப்பாட்டு மேஜை. தொழில் என்ன என்று படிவத்தில் கேட்டால் 'திருமணமான பெண்' என்றுதான் எழுதுவேன் என்று சுயசரிதையில் சொல்கிறார். அவருடைய 73 நோட்டுப் புத்தகங்கள் மிஞ்சியிருக்கின்றன, கொலைத் திட்டத்துக்குப் பக்கத்திலேயே வீட்டுச் சாமான் பட்டியலும் உண்டு.

என் மனதுக்கு மிக நெருக்கமானவர் இன்னொரு அம்மையார், பி.டி. ஜேம்ஸ். ஓய்வு பெற்ற பிறகு ஆங்கிலத்தில் தட்டுத் தடுமாறி அவரைப் படிக்க ஆரம்பித்தேன். 1920-இல் பிறந்தவர். கணவர் டாக்டர், ஆனால் யுத்தத்திலிருந்து மனநோயோடு திரும்பி வந்தார். இரண்டு பெண் குழந்தைகள். சம்பாதிக்க வேண்டியது இந்த அம்மாள். 1949 முதல் ஆஸ்பத்திரி நிர்வாகத்தில் உத்தியோகம், 1968-இல் பரீட்சை எழுதித் தேறி லண்டனில் உள்துறை அலுவலகம், 1979-இல் ஓய்வு. ஆக முப்பது வருட சர்வீஸ்! எழுதுவது எப்போது? விடியற்காலையில், ஆபீஸ் கிளம்பும் முன். முதல் நாவலை ஆரம்பித்தது முப்பதுகளின் நடுவில், அது வெளிவந்தது 1962-இல், நாற்பத்திரண்டு வயதில். அதற்குப் பின்னும் வேலையை விடவில்லை.

அந்த உத்தியோகமே அவருக்குக் கதைக்கான சுரங்கமாகவும் இருந்தது. செவிலியர் பயிற்சிப் பள்ளியில் ஒரு கொலை, தடயவியல் ஆய்வுக்கூடத்தில் ஒரு கொலை. அங்கே மேலதிகாரி பதவி உயர்வைத் தடுப்பதும், பழைய ரிப்போர்ட் ஒன்று தப்பாக இருப்பதும், சாவி யார் பொறுப்பில் என்பதும் எவ்வளவு சரியாக வருகிறது தெரியுமா? ஆபீசில் வேலை பார்த்தவர்களுக்கு மட்டுமே தெரிந்த விஷம் அது. திட்டமிடுவதற்கே எழுதுகிற அளவுக்கு நாள் எடுத்துக்கொள்வார். காட்சிகளை வரிசையாகக்கூட எழுத மாட்டார், சினிமா எடுப்பது போல எது தயாரோ அதை முதலில். அரை மணி, ஒரு மணி என்று துண்டு துண்டாகக் கிடைத்த நேரத்துக்கு அந்த முறை எவ்வளவு பொருத்தம்! சிமெனோன் முறையை அந்த அம்மாள் பின்பற்றியிருந்தால் ஒரு புத்தகம்கூட வந்திருக்காது, 48 மணி நேரம் தொந்தரவில்லாத வாழ்க்கை அவருக்கு எங்கே இருந்தது? வேகத்தைப் பாடுகிறவர்கள் இந்த அம்மாளின் விடியற்காலையையும் கொஞ்சம் பாடலாம்.

ஓய்வு விஷயத்திலும் இருவரும் வேறு வேறு. 1972 செப்டம்பரில், 69 வயதில், சிமெனோன் வழக்கம்போல் புது நாவலுக்கு மஞ்சள் உறை தயார் செய்ய உட்கார்ந்தார். முடியவில்லை. அத்தோடு நாவல் எழுதுவதை நிறுத்தினார். பாஸ்போர்ட்டில் தொழில் என்ற இடத்தில் 'தொழில் இல்லை' என்று மாற்றிக்கொண்டார். பிறகு ஒரு டேப் ரெக்கார்டரை வாங்கி வைத்துக்கொண்டு பழைய நினைவுகளைச் சொல்லிக்கொண்டிருந்தார். (நான் இங்கே செய்துகொண்டிருப்பதும் அதுதான், டேப் ரெக்கார்டர்தான் இல்லை.) 1989-இல் லோசானில் காலமானார். ஜேம்ஸ் அம்மையாரோ பென்ஷன் வாங்கிய மறு வருடம் வந்த நாவலில்தான் முதல் முறையாகப் பணக் கவலை இல்லாமல் ஆனார், தொண்ணூறு தாண்டி 2011-இல் கடைசி நாவலை வெளியிட்டார்.

சிமெனோன் தன் காகிதங்களையெல்லாம் லியேழ் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டார். அந்த மஞ்சள் உறைகளும் அங்கே பத்திரமாக இருக்கின்றன. பிரான்சில் இருக்கும் பேரன் அடுத்த வருடம் பெல்ஜியம் பக்கம் போகப் போவதாகச் சொல்கிறான். முடிந்தால் ஒரு உறையையாவது பார்த்துவிட்டு வா என்று சொல்லியிருக்கிறேன். "தாத்தா, கவரில் என்ன இருக்கும் பார்க்க?" என்று கேட்கிறான்.

"பெயர், வயது, விலாசம்" என்றேன்.