தேங்காய் உடைச்சா போதுமா சாமி?

பழவங்காடி பிள்ளையார் கோயில் வாசலில் ஒரு அரை மணி நேரம் நின்னு பாருங்க. புது வண்டி ஒன்றாவது பூஜைக்கு வந்து நிற்கும். மாலை, சந்தனப் பொட்டு, சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம். பையன் ஆக்சிலேட்டரை முறுக்கிக்கிட்டு உட்கார்ந்திருப்பான். அப்பா தேங்காயை ஓங்கி உடைப்பார். அம்மா கண்ணை மூடி வேண்டிக்குவாங்க. அதோட பெற்றோர் கடமை முடிஞ்சுது.

கிண்டல் பண்றேன்னு நினைக்காதீங்க. மூணு வருஷம் முன்னாடி அதே வாசலில் அதே மாதிரி நின்னவன்தான் நான். பேங்க் ஆபீசர் ஆச்சே, ஸ்டாஃப் லோன் வட்டி கம்மி. பையன் கேட்ட பைக்குக்குக் கையெழுத்துப் போட்டதும் நானே, தேங்காய் உடைச்சதும் நானே.

போன வருஷம் ஒரு ராத்திரி ரெண்டு மணிக்கு போலீஸ் ஸ்டேஷனில் இருந்து போன். பைபாசில் ரேஸ் விட்டானாம். உடம்பில் ஒரு கீறல் இல்லை. ஆனா ஸ்டேஷன் வாசல் வரை நடந்த அந்த அம்பது அடி தூரத்தில் எனக்கு என்னென்ன தோணுச்சுன்னு எழுத மாட்டேன். பிள்ளை பெத்தவங்களுக்குப் புரியும்.

அந்த பைபாஸ் உங்களுக்குத் தெரியும். கழக்கூட்டத்தில் இருந்து காரோடு வரை போற தேசிய நெடுஞ்சாலை 66. 2022 ஜூனில் விழிஞ்ஞம் பக்கம் முக்கோலையில் ரெண்டு இளைஞர்கள் அங்கேதான் செத்தாங்க. பைக் ரேஸ்னு பத்திரிகைகள் எழுதின. 2023 ஜனவரியில் கோவளம் பக்கம் வேகமா வந்த பைக் மோதி, ரோட்டைக் கடந்த ஒரு பெண்மணியும் போனாங்க, ஓட்டின பையனும் போனான். அந்தப் பெண்மணி எந்த ரேசிலும் பேர் கொடுக்கவில்லை.

இதுக்கு நம்ம தமிழ்க் குடும்பங்கள் சொல்ற பதில் என்ன? வலியசாலையிலும் கரமனையிலும் விசாரிச்சுட்டேன். "ரேசுன்னாலே பொறுக்கித்தனம் சார். சாவியைப் பிடுங்கி வைங்க." சாவியைப் பிடுங்கினா ஃபிரண்டு சாவி கொடுப்பான். இது பதிலே இல்லை.

நான் என்ன பண்ணினேன்? பையனை ரேசுக்குக் கூட்டிட்டுப் போனேன். வீட்டில் ரெண்டு நாள் பேச்சுவார்த்தை கிடையாது. :-)

கொஞ்சம் பழைய கதை. எனக்குச் சொந்த ஊர் செங்குன்றம். பக்கத்தில் சோழவரம். இரண்டாம் உலகப் போர் காலத்து விமான ஓடுதளம். 1953-ல் ஆரம்பிச்ச மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே வருஷா வருஷம் பந்தயம் நடத்தும். விஜய் மல்லையா பழைய ஃபார்முலா ஒன் காரை ஓட்டினது அங்கேதான். மாருதி 800 இன்ஜினை வெச்சு பந்தயக் கார் கட்டின கோயம்புத்தூர் கரிவரதன் ஓட்டினதும் அங்கேதான். எங்க அப்பா சைக்கிள் கேரியரில் என்னை உட்கார வெச்சுக் கூட்டிட்டுப் போவார். 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தர டிராக் வந்ததும் சோழவரம் அடங்கிப்போச்சு. பந்தயத்தை ரோட்டில் விடக்கூடாது, அதுக்குன்னு ஒரு இடம் வேணும்னு அன்னைக்கே யோசிச்ச ஊர் நம்ம ஊர்.

அந்த இருங்காட்டுக்கோட்டைக்குத்தான் போனோம், டிராக் ரேசுக்கு. வண்டி எது? என்னோட 2012 மாடல் ஜிப்ஸி, துணிக் கூரை. வெளிநாட்டில் கன்வர்ட்டிபிள்னு கோடிக்கணக்கில் கொடுத்து வாங்குறாங்க. ஏழைக்கு ஏத்த கன்வர்ட்டிபிள் இதுதானே! இன்ஜின் 1.3 லிட்டர், 80 குதிரை சக்தி. கம்பெனியில் இருந்து வந்தது வந்தபடியே இருக்கு. இங்கிருந்து எழுநூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிட்டுப் போய் வரிசையில் நின்னோம்.

வண்டியைச் சோதிக்கிறவர் சுத்திப் பார்த்தார். பிரேக், டயர், பேட்டரி கிளாம்ப், ஆயில் கசிவு, எல்லாம் சரி. கூரையைத் தட்டிப் பார்த்தார். "துணிதானே சார்? கவிழ்ந்தா உங்க பையன் தலையைத் தாங்க என்ன இருக்கு? ரோல் பார் இல்லாம விட முடியாது."

எனக்கு மூஞ்சி செத்துப்போச்சு. எழுநூறு கிலோமீட்டர்! வாதாடிப் பார்த்தேன். இந்த வண்டி இருபது செகண்டுக்குக் குறைஞ்சு ஓடாது சார், கவிழறதுக்கே வேகம் பத்தாதுன்னேன். மனுஷன் சிரிச்சார், அசையவில்லை.

திரும்பி நடக்கும்போதுதான் உறைச்சுது. என் பையன் பைபாசில் ஓட்டின அத்தனை ராத்திரியிலும் "விட முடியாது"ன்னு சொல்ல ஒருத்தர் இருந்தாரா? லோன் கொடுத்த நான் சொல்லவில்லை. வித்த கடைக்காரன் சொல்லவில்லை. முதல் முதலா சொன்னவர் ரேஸ் நடத்துற ஆள். யார் பொறுப்பானவங்க, யார் பொறுக்கின்னு நீங்களே சொல்லுங்க.

அப்புறம் சென்னை நண்பர் ஒருத்தரோட ஸ்விஃப்டை வாங்கி ஓட்டினான். தெரியாதவங்களுக்குச் சொல்றேன்: டிராக்னா நேர்கோடு. கால் மைல், அதாவது 402 மீட்டர். சில இடங்களில் அதில் பாதி. ரெண்டே வண்டி, ஆளுக்கு ஒரு தடம். முன்சக்கரம் ஒளிக்கதிரை மறைச்சதும் விளக்கு எரியும். மஞ்சள், அப்புறம் பச்சை. பச்சைக்கு முன்னாடி நகர்ந்தா சிவப்பு, ஆட்டம் முடிஞ்சுது. கடிகாரம் ஓட ஆரம்பிக்கிறது பச்சை எரிஞ்ச நேரத்தில் இல்லை, உங்க சக்கரம் கதிரை விட்டு நகர்ந்த நேரத்தில். அதனால நிதானமா கிளம்பினாலும் உங்க நேரம் கெடாது, எதிராளிகிட்ட தோற்கலாம், அவ்வளவுதான். புதுசா வர்றவங்க செய்ற தப்பு கிளட்சைப் படார்னு விடுறது. டயர் சுத்தும், வண்டி நகராது. முதல் தடவை என் பையனும் அதையேதான் பண்ணினான். பைபாஸ் ராஜா, பக்கத்துத் தடத்தில் ஒரு பழைய சான்ட்ரோகிட்ட தோத்தான்!

கோட்டைத் தாண்டினதும் நிறுத்த நீளமான காலி ரோடு. ஆம்புலன்ஸ் இன்ஜின் ஆஃப் பண்ணாம நிற்குது. நாய் கிடையாது, எதிரில் மீன் லாரி கிடையாது, ரோட்டைக் கடக்கிற அம்மா கிடையாது.

திரும்பி வரும்போது திண்டிவனம் தாண்டி அவனே சொன்னான்: "அப்பா, பைபாசில் நான் ஜெயிச்சதா நினைச்சதெல்லாம் ஜெயிப்பே இல்லப்பா. யாரும் டைம் எடுக்கலையே." நான் ஒண்ணும் பேசவில்லை. அந்தப் பைக்கை அதுக்கப்புறம் அவன் ராத்திரியில் எடுக்கவில்லை.

இப்ப கணக்குப் பிள்ளை மாதிரி கொஞ்சம் கணக்கு. மணிக்கு 100 கிலோமீட்டர்னா செகண்டுக்கு 28 மீட்டர். நீங்க பிரேக்கில் கால் வைக்க ஒரு செகண்டு ஆனா 28 மீட்டர் ஏற்கெனவே போயாச்சு. வேகம் ரெண்டு மடங்கானா மோதலின் சக்தி நாலு மடங்கு. இன்சூரன்ஸ் பாலிசியை யாராவது படிச்சிருக்கீங்களா? ரேஸ், வேகப் பரிசோதனை எல்லாம் அதில் விலக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 189-வது பிரிவு, 2019 திருத்தத்துக்கு அப்புறம் முதல் தடவைக்கு மூணு மாசம் வரை சிறை அல்லது அஞ்சாயிரம் வரை அபராதம், அல்லது ரெண்டும். ஓட்டுறவனுக்கு மட்டும் இல்லை, அனுமதிக்கிறவனுக்கும். பையன் பதினெட்டு வயசு ஆகாதவன்னா 199ஏ பிரிவு நேரா அப்பா கழுத்துக்கே வரும்: மூணு வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம்.

அதே 189-ல் இன்னொரு வார்த்தையும் இருக்கு. "மாநில அரசின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல்" நடத்தினாதான் குற்றம். அதாவது கதவைச் சட்டமே திறந்துதான் வெச்சிருக்கு. அமெரிக்காவில் 1951-ல் வாலி பார்க்ஸ் தேசிய ஹாட் ராட் சங்கத்தை ஆரம்பிச்சது, தெருவில் ஓட்டுற பசங்களைப் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டு வரத்தான். திருவனந்தபுரத்தில் அப்படி ஒரு இடம் இல்லை. கேட்கிறது ஸ்டேடியம் இல்லை சாமி. ஒரு கிலோமீட்டர் சொச்சம் நேர் ரோடு, ரெண்டு பக்கமும் தடுப்பு, ஒரு ஆம்புலன்ஸ், "விட முடியாது"ன்னு சொல்ல ஒரு ஆள். மாசத்தில் ஒரு ஞாயிறு போதும்.

அது வர்ற வரைக்கும்? நாம வெளியூர் பொழைப்புக்கு வந்தவங்க. சித்தப்பா, பெரியப்பா, மாமான்னு கண்டிக்க இங்கே யாரும் இல்லை. தெரு முனையில் நம்ம பிள்ளையைப் பார்த்து "யார் வீட்டுப் பையன்டா நீ?"ன்னு கேட்க ஆள் இல்லை. அந்த வேலையையும் நாமதான் பார்க்கணும். பைக்குக்கு ஒன்றரை லட்சம் கொடுக்கிற அப்பா, வருஷத்தில் ஒரு தடவை கோயம்புத்தூருக்கோ இருங்காட்டுக்கோட்டைக்கோ ரெண்டு நாள் லீவு போட்டுக் கூட்டிட்டுப் போகலாம். தோற்கட்டும். டைம் சீட்டைக் கையில் வாங்கட்டும்.

பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைங்க, நானும் உடைக்கிறேன். விக்னம் தீர்க்கிறது அவர் வேலை. சாவி கொடுக்கிறதுக்கு முன்னாடி கேள்வி கேட்கிறது நம்ம வேலை. அதையும் அவர் தலையில் கட்டாதீங்க.