பதக்கம் வேண்டாம், பதில் தாங்கோ

போன கிழமை பூசை முடிஞ்சு கொட்டாஞ்சேனை புனித லூசியாள் பேராலய முற்றத்தில் கதைத்துக்கொண்டு நின்றோம். ஒரு ஐயா கேட்டார்: "வெள்ளைக்காரன் தன்ர ஆமிப் பாதிரிமாருக்குப் பதக்கம் குத்தினவன். எங்கட சுவாமிமாருக்கும் அரசாங்கம் ஒண்டு குடுத்தால் என்ன?"

நல்ல மனதோடு கேட்ட கேள்விதான். ஆனால் எங்களுக்கு உடன்பாடில்லை.

ஐயா சொன்ன ஆட்களில் முக்கியமானவர் தியோடர் ஹார்டி. ஐம்பது வயதைக் கடந்தபிறகு முதலாம் உலகப்போருக்குப் போன ஆங்கிலிக்கன் பாதிரியார். கையில் துவக்கில்லை. ஷெல்லடிக்குள் போய்க் காயப்பட்டவர்களோடு கிடந்தார், தூக்கிவந்தார். மிலிட்டரி குரொஸ், டி.எஸ்.ஓ., விக்டோரியா குரொஸ் மூன்றும் கிடைத்தன. 1918 ஒக்டோபரில் சூடுபட்டு இறந்தார். அந்தத் துணிவை நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை.

அதே துணிவு எங்கட ஆட்களிடமும் இருந்தது. 1988 ஜூன் 6, மட்டக்களப்பில் பிரஜைகள் குழுத் தலைவராக இருந்த அருட்தந்தை சந்திரா பெர்னாண்டோ கோவிலுக்குள்ளேயே சுடப்பட்டார். விரல் நீண்டது தமிழ் ஆயுதக்குழுவை நோக்கி. அதையும் சொல்லத்தான் வேணும். 2006 ஓகஸ்ட் 13, சனம் தஞ்சமிருந்த அல்லைப்பிட்டிக் கோவிலில் ஷெல் விழுந்தது. அந்தச் சனத்துக்காக ஓடித்திரிந்த பங்குத்தந்தை ஜிம் பிரவுண் ஒரு கிழமையில், கடற்படைச் சோதனைச்சாவடிப் பக்கம் போனவர், காணாமல்போனார். 2009 மே 18, யாழ். பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர் அருட்தந்தை பிரான்சிஸ் யோசப் வட்டுவாகலில் சரணடைந்தவர்களோடு நின்றார். பஸ்ஸில் ஏற்றினதைக் கண்டோம் என்று குடும்பங்கள் நீதிமன்றம் வரை போய்ச் சொல்லிவிட்டன. அந்த பஸ் எங்கே போனது?

ஹார்டி நின்றது ஆமியோடு. இவர்கள் நின்றது சனத்தோடு. பதக்கம் துணிவை மட்டும் அளப்பதில்லை, ஆர் பக்கம் நின்றாய் என்றும் பார்க்கும்.

சரி, நாளைக்கு அரசாங்கம் மனம்மாறி ஒரு பதக்கம் நீட்டுது எண்டு வையுங்கோ. அது என்ன சொல்லும்? "இவர் செத்துப்போனார்" எண்டு சொல்லும். எப்படி, ஆரால் எண்டு சொல்லாது. கோப்பு மூடப்படும். 2022இல் காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களுக்கு ஒரு லட்சம் ரூபா என்று அமைச்சரவை சொன்னபோது, தெருவோரக் கொட்டில்களில் வருசக்கணக்காக இருந்த அம்மாமார் வேண்டாம் எண்டவை. அவைக்கு இந்தக் கணக்கு நல்லாய்த் தெரியும்.

கொழும்புச் சனத்துக்கும் தெரியும். 2019 ஏப்ரல் 21, கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் குண்டு வெடித்தது. நட்டஈட்டோடு ஆரும் அடங்கவில்லை. உண்மையைச் சொல்லு எண்டு திருச்சபையே தெருவுக்கு வந்தது. சரியான கேள்வி. அதே குரலில் கொழும்புப் பிரசங்க மேடைகளில் ஜிம் பிரவுணின் பெயரும் பிரான்சிஸ் யோசப்பின் பெயரும் எத்தனை தரம் ஒலித்தன?

வெள்ளவத்தைக் கடற்கரையில் மே 18க்கு விளக்கேற்றுகிற எங்கட வயதுக்காரருக்கும் இதையே சொல்லுறம். சிலையும் பதக்கமும் கேட்க வேண்டாம். சரணடைந்தவர்களின் பெயர்ப்பட்டியலைக் கேளுங்கோ. அதை வெளியில் வைக்கத்தான் அரசுக்குத் துணிவு வேணும்.