முதற்பொருளை மறந்தோமா?

2024 ஆகஸ்ட் 23, வெள்ளிக்கிழமை காலை. கோலாலம்பூர் மஸ்ஜிட் இந்தியா சாலையின் நடைபாதையில் நிலம் திடீரென்று உள்வாங்கியது. இந்தியாவிலிருந்து சுற்றுலா வந்திருந்த ஒரு பெண்மணி எட்டு மீட்டர் ஆழக் குழிக்குள் விழுந்து மறைந்தார். ஒன்பது நாள் தேடினார்கள். ஆகஸ்ட் 31ஆம் நாள் தேடுதல் பணி நிறுத்தப்பட்டது. அவர் உடல் கிடைக்கவே இல்லை.

தீபாவளிக்குச் சேலை எடுக்கவும், பொங்கலுக்கு வேட்டி வாங்கவும் நாம் காலங்காலமாக நடந்த சாலை அது. அந்த ஒன்பது நாளும் கிள்ளானில் எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை. பாட்டி தொலைக்காட்சியின் முன்னாலிருந்து எழுந்திருக்கவில்லை. இரண்டாம் நாள் இரவு என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏம்மா, நீ மண்ணைப் பத்திதானே படிக்கிற? நல்லா இருந்த ரோடு எப்படிம்மா வாயைத் தொறக்கும்?"

நான் நிலவியல் மாணவி. (இந்தப் பெயரைச் சொன்னபோது "நிலாவைப் பத்திப் படிக்கிறியா?" என்று கேட்ட அத்தையும் எனக்கு உண்டு.) பாட்டி கேட்ட கேள்வி என் பாடத்திட்டத்தில் உள்ளதுதான். தேர்வில் அதற்கு இரண்டு பக்கம் விடை எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். ஆனால் அன்றைக்கு என் வாயிலிருந்து ஒரு முழு வாக்கியம் வரவில்லை. எனக்குத் தெரிந்த சொற்களெல்லாம் ஆங்கிலத்திலும் மலாயிலும் இருந்தன. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்தவள், இப்பேரவையின் உறுப்பினர், மேடையில் தமிழ் பேசிப் பரிசு வாங்கியவள், சொந்தப் பாட்டிக்குப் பதில் சொல்ல முடியாமல் தலைகுனிந்து நின்றேன். இந்தக் கட்டுரை அந்தத் தலைகுனிவிலிருந்து பிறந்தது.

நண்பர்களே! நம் மேடைகளில் ஐந்திணையைப் பற்றிப் பேசாத பேச்சாளர் உண்டா? குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று நிலத்தை வகுத்து, ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு வாழ்க்கை உண்டு என்று கண்டவர்கள் நம் முன்னோர். நிலத்தையும் பொழுதையும் 'முதற்பொருள்' என்றே பெயரிட்டது தொல்காப்பியம். அந்தப் பெருமையைப் பேசும் நாம், நாம் நிற்கும் நிலம் எதனால் ஆனது என்று ஒரு முறையாவது கேட்டிருக்கிறோமா? முதற்பொருளை மனப்பாடம் செய்தோம். அது காலடியில் இருப்பதை மறந்தோம்.

இந்த நாட்டில் அந்தக் கேள்வியைக் கேட்பதற்கென்றே ஒரு துறை நூறாண்டுக்கும் மேலாக இயங்கி வருகிறது. 1903ஆம் ஆண்டு பேராக்கின் பத்து காஜாவில் ஸ்க்ரிவெனர் என்ற நிலவியலாளரின் நியமனத்தோடு தொடங்கிய பணி அது. நிலவியல் ஆய்வுத் துறையும் சுரங்கத் துறையும் 1999இல் ஒன்றாகி, இன்று கனிமவள, புவி அறிவியல் துறையாகச் செயல்படுகிறது. மலாய்ச் சுருக்கத்தில் ஜே.எம்.ஜி. மஸ்ஜிட் இந்தியாவில் நிலத்தை ஊடுருவிப் பார்க்கும் ராடார் கருவியைத் தள்ளிக்கொண்டு நடந்தவர்களில் அத்துறையினரும் இருந்தார்கள். செய்தியில் பார்த்திருப்பீர்கள். பெயரைக் கவனித்திருக்க மாட்டீர்கள்.

கடந்த சில ஆண்டுகளில் அவர்களுக்கு ஓய்வில்லை. 2022 டிசம்பர் 16 விடியுமுன் பத்தாங் காலி முகாம் தளத்தின்மேல் மலைச்சரிவு விழுந்து 31 பேர் மாண்டார்கள். 2025 ஏப்ரல் 1ஆம் நாள், நோன்புப் பெருநாளின் மறுநாள் காலையில், பூச்சோங்கை அடுத்த புத்ரா ஹைட்ஸில் எரிவாயுக் குழாய் வெடித்துத் தீப்பிழம்பு வானளாவ எழுந்தது. குழாய்க்கு அடியிலிருந்த மண் நீரூறித் தாங்கும் வலுவை இழந்ததுதான் காரணம் என்று ஜூன் இறுதியில் விசாரணை முடிவு வந்தது. அதே 2025 ஆகஸ்ட் 24ஆம் நாள் விடியற்காலையில் ஜொகூர் சிகாமட்டில் 4.1 அளவில் நிலம் நடுங்கியது. 'மலேசியாவில் நிலநடுக்கமா?' என்று வியந்தவர்கள், 2007ஆம் ஆண்டு முதல் புக்கிட் திங்கி வட்டாரத்தில் பதிவான சிறு நடுக்கங்களை மறந்தவர்கள். 2015 ஜூன் 5இல் சபாவின் ரானாவ் நிலநடுக்கத்தில் 18 பேர் இறந்தபோது நான் ஆறாம் ஆண்டு மாணவி. கினபாலு மலையில் மாண்டவர்களில் சிங்கப்பூரின் தொடக்கப்பள்ளி மாணவர்களும் இருந்தார்கள். என் வயதுப் பிள்ளைகள். நான் இத்துறையைத் தேர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இனி, பாட்டியின் கேள்விக்கு வருவோம். பல நாள் தடுமாறி, கடைசியில் அவருடைய வெற்றிலைப் பெட்டியிலிருந்துதான் விடை கிடைத்தது. "பாட்டி, வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவுறீங்களே, அது செய்யுற கல்லு இருக்குல்ல? பத்துமலை முழுக்க அந்தக் கல்லுதான். பத்துமலையோட அது நின்னுடல. கோலாலம்பூருக்கு அடியிலயும் நெறைய எடத்துல அதே கல்லுதான் கெடக்கு."

நாற்பது கோடி ஆண்டுகளுக்கு மேல் பழைமையான சுண்ணாம்புக்கல் அது. மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது அங்குள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மிக மென்மையான அமிலமாகிறது. அந்த நீர் பல்லாயிரம் ஆண்டுகள் கல்லைக் கரைத்துக் கரைத்துப் பொந்துகளை உண்டாக்குகிறது. மலைக்குள் உண்டானால் அதைக் குகை என்கிறோம். முருகன் குடிகொண்ட இடமென்று கும்பிடுகிறோம். நகரத்துக்கு அடியில் உண்டானால் அதன் மேலிருக்கும் மண் மெல்ல மெல்ல உள்ளே சரிந்து, ஒரு நாள் கூரை இடிகிறது. அதைத்தான் நாளேடுகள் நில அமிழ்வு என்கின்றன. சுண்ணாம்புக்கல்லே இல்லாத இடத்திலும், நிலத்தடிக் குழாய் உடைந்து நீர் கசிந்து மண்ணை அரித்துக்கொண்டு போனால் இதே கதை நடக்கலாம். இரட்டைக் கோபுரத்தைக் கட்டத் தொடங்கியபோது, தேர்ந்த இடத்துக்கு அடியில் சுண்ணாம்புக்கல் செங்குத்தாகச் சரிந்திருப்பதைக் கண்டு, கோபுரங்களின் இடத்தையே ஏறத்தாழ 60 மீட்டர் தள்ளி வைத்தார்கள். நிலத்தைக் கேட்டுவிட்டுக் கட்டினார்கள்; நிற்கிறது.

கேட்காமல் கட்டியதற்கும் சான்று உண்டு. 1993 டிசம்பர் 11. உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடியின் ஒரு கட்டடம் சாய்ந்து 48 உயிர்கள் போயின. பின்னாலிருந்த மலைச்சரிவில் நீர் முறையாக வடிய வழியில்லாமல் போனது அதன் காரணங்களில் ஒன்று.

"மழத்தண்ணி போக வழி விடலன்னா மண்ணு சும்மா இருக்குமா?" என்றார் பாட்டி, நான் இதைச் சொன்னதும். அவர் முப்பது ஆண்டு தோட்டத்தில் பால்மரம் சீவியவர். மேட்டு நிலத்தில் மண் அடித்துக்கொண்டு போகாமலிருக்கப் படிப்படியாக வெட்டி மரம் நட்டதையும், மழைநீர் தேங்கக் குழி எடுத்ததையும், வெறும் மண் தெரியாமல் கொடி படரவிட்டதையும் ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார். நான் நூலகத்தில் படித்த சரிவுப் பாதுகாப்பை அவர் கையாலேயே செய்திருக்கிறார்! நம் மக்களுக்கு மண்ணறிவு இல்லை என்று யார் சொன்னது? தோட்டத்தை விட்டு வந்தபோது அந்த அறிவையும் லயத்திலேயே விட்டுவிட்டு வந்தோம்.

நாம் இன்று வாழும் இடங்களைப் பாருங்கள். 1881இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அடுத்தடுத்துத் தாக்கிய பிறகு, செங்கல்லால் வீடு கட்ட வேண்டும் என்று ஆணை வந்தது. அந்தச் செங்கல்லுக்குக் களிமண் தோண்டிய இடம் பிரிக்பீல்ட்ஸ். நாம் தோசை தின்னப் போகும் ஊரின் பெயரே அதன் மண்ணின் பெயர்தான். கிள்ளானோ கடல் விட்டுச்சென்ற களிமண்மேல் அமர்ந்திருக்கிறது. பல இடங்களில் 20 மீட்டருக்கும் கூடுதலான தடிப்பு. எங்கள் வீட்டுப் பின்பக்கச் சமையலறை, பின்னாளில் சேர்த்துக் கட்டியது, ஆண்டுதோறும் வீட்டை விட்டு விலகுகிறது. தீபாவளிக்குச் சாயம் அடிக்குமுன் அப்பா சிமெண்டு குழைத்து அந்த விரிசலை அடைப்பார். அடுத்த தீபாவளிக்கு அது மறுபடியும் வாய் திறக்கும். பழைய வீடு ஆழ ஊன்றிய தூண்கள்மேல் நிற்கிறது, புதுச் சமையலறை மேல்மண்ணில் உட்கார்ந்திருக்கிறது, இரண்டும் ஒரே வேகத்தில் இறங்காது என்பதைக் கட்டிக்கொடுத்தவர் எங்களுக்குச் சொல்லவில்லை. கேட்க வேண்டுமென்று எங்களுக்கும் தெரியவில்லை. இன்று தெரியும். புதிதாகக் கட்டப்போகும் பக்கத்து வீட்டுக்காரருக்கு அப்பாவே சொல்லிவிட்டார்.

"துறை இருக்கிறது, பொறியாளர் இருக்கிறார், தமிழ்ப் பேரவைக்கு இதில் என்ன வேலை? நம்மவர்களுக்கு மலாய் தெரியாதா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்கு நான் சொல்லும் விடை சுமத்ராவின் மேற்கே இருக்கும் சிமெலுவே தீவு. 1907இல் அங்கு ஆழிப்பேரலை வந்து பலர் மடிந்தனர். பிழைத்தவர்கள் 'ஸ்மோங்' என்ற தம் சொல்லைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்: நிலம் பலமாக ஆடிக் கடல் பின்வாங்கினால் மேட்டுக்கு ஓடு. 2004 டிசம்பர் 26இல் நிலநடுக்க மையத்துக்கு மிக அருகிலிருந்த அத்தீவில், ஏறத்தாழ 78,000 மக்களில் 7 பேர்தான் இறந்தனர். வெகுதொலைவில் இருந்த நம் நாட்டில் 68 பேர் இறந்தனர். அவர்களிடம் கருவி இல்லை. தாய்மொழியில் ஒரு சொல் இருந்தது. ஆபத்து வேளையில் மனிதன் அகராதி பார்ப்பதில்லை. பாட்டி மொழியில் கேட்டதுதான் காலை ஓடச் செய்கிறது.

ஆகவே, இப்பேரவைக்கு மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். முதலாவது, ஆண்டுக்கு ஒரு நாள் நிலநடை. காலையில் பத்துமலை, பிறகு, 14 கிலோமீட்டருக்கும் மேல் நீண்டு கிடக்கும் கிள்ளான் கேட்ஸ் படிகப்பாறைத் தொடர். அருகிலுள்ள தமிழ்ப்பள்ளி மாணவர்களையும் அழைத்துச் செல்வோம். துறை அதிகாரி ஒருவரையும் அழைப்போம். இரண்டாவது, நூறு சொற்கள் கொண்ட சிறு கையேடு. நில அமிழ்வு, மண்சரிவு, பிளவுக்கோடு என்று ஒவ்வொன்றுக்கும் பாட்டிக்குப் புரியும் விளக்கத்தோடு. மூன்றாவது, தைப்பூசத்தன்று நம் தண்ணீர்ப் பந்தலில் ஒரு பக்கத் துண்டறிக்கை. மலைச்சரிவை ஒட்டி வாழ்பவர் கவனிக்க வேண்டியவை அதில் இருக்கட்டும்: சரிவில் புதிதாகத் தோன்றும் விரிசல், சாயத் தொடங்கும் மரமும் கம்பமும், திடீரெனக் கலங்கி ஊறும் நீர், நேற்றுவரை சாத்திய கதவு இன்று சாத்த மறுப்பது. இவற்றைக் கண்டால் வெளியேறு. பிறகு தகவல் சொல்.

இதற்குப் பெரிய பணம் வேண்டாம். ஒரு பட்டிமன்றத்துக்கு நாம் செலவிடும் உழைப்பு போதும். 'தமிழ் இனி வாழுமா?' என்று ஆண்டுதோறும் இரண்டு அணி பிரிந்து வாதாடுகிறோம். ஒரு கிழவியின் பயத்துக்கு விடை சொல்லும் நாளில் அது வாழ்கிறது என்பேன் நான்.

மஸ்ஜிட் இந்தியா சாலையில் இன்று மீண்டும் கூட்டம் நடக்கிறது. சென்ற தீபாவளிக்குப் பாட்டியை அங்கே அழைத்துப் போனேன். அந்த இடத்தருகே வந்ததும் ஒரு நொடி நின்று, கைத்தடியால் தரையை இரண்டு முறை தட்டிப் பார்த்தார். "கீழ சுண்ணாம்புக் கல்லா?" என்று கேட்டார். "ஆமாம் பாட்டி" என்றேன். கும்பிட்டுவிட்டு நடந்தார்.