இணையமும் தோட்டப் பாடசாலையும்

இணையம் மாணவரது கல்விக்கு ஆக்கந் தருவதா, கேடு விளைப்பதா என்னும் வினா இன்று பட்டிமன்றங்களுக்கு உகந்த பொருளாகிவிட்டது. மேடையில் இரு கட்சியாருக்கும் கைதட்டல் கிடைக்கிறது. ஆயின் அவ்வினாவை ஓப்பநாயக்கவைச் சூழ்ந்த தோட்டங்களுக்குக் கொண்டுபோய் வைத்துப் பார்ப்போமாயின், அதன் வடிவமே வேறாகிவிடுகிறது.

இலவசக் கல்வி 1945இல் நாட்டுக்கு வந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றதோ எழுபதுகளின் பிற்பகுதியிலேதான். அத்தாமதத்தின் வடு இன்னும் மாறவில்லை. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் உயர்தர விஞ்ஞானத்தையும் கணிதத்தையும் தமிழிற் கற்பிக்கும் பாடசாலைகள் மிகச் சில. ஆசிரியரில்லாத வகுப்பிலிருக்கும் பிள்ளைக்கு, யாழ்ப்பாணத்து ஆசிரியர் ஒருவரின் விளக்கத்தைக் கைத்தொலைபேசியிற் கேட்கும் வாய்ப்புக் கிட்டுமாயின், அதனைக் கேடென்று கூற யாருக்கு மனம் வரும்?

எனினும் அவ்வாய்ப்பு இலவசமாக வருவதன்று. 2020 மார்ச் மாதம் பாடசாலைகள் மூடப்பட்டபோது இது வெளிப்பட்டது. பதுளை மாவட்டத்துப் போஹிதியாவ கிராமத்தில், அலைத்தொடர்பு தேடிப் பாறையேறிய மாணவரைப் பற்றி 2021இல் வெளிநாட்டுப் பத்திரிகைகளும் எழுதின. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாயென வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டதும் அவ்வாண்டிலேதான். 2022 செப்டெம்பரில் கைத்தொலைபேசிக் கட்டணங்கள் நூற்றுக்கு 20 வீதம் உயர்த்தப்பட்டன. வீட்டிலுள்ள ஒரே தொலைபேசியைத் தந்தை வேலைக்கு எடுத்துச் சென்றபின், பிள்ளைக்கு மிஞ்சுவது மாலைப்பொழுதே. அதுவும் அண்ணன் தம்பிகளோடு பங்கிடப்பட வேண்டியது.

இவை பலரும் பேசுபவை. அதிகம் பேசப்படாத ஓர் இடர் மொழியிலே இருக்கிறது. இணையத்திற் கிடைக்கும் தமிழ் விஞ்ஞானப் பாடங்களுட் பெரும்பகுதி தமிழகத்தில் ஆக்கப்பட்டது. நம்முடைய இரசாயனவியல் அங்கே வேதியியல். ஆர்முடுகல் அங்கே முடுக்கம். காபனீரொட்சைட்டு அங்கே கார்பன் டை ஆக்சைடு. இவற்றால் பெருந்தீங்கில்லை. சொல் வேறாயின் பிள்ளை திகைத்து நிற்கும். நின்றால் யாரையேனும் வினவும். 'வேகம்' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். திசையைக் கருதாது, கடந்த தூரத்தின் வீதத்தை மட்டும் குறிப்பதனை நம் பாடநூல் 'கதி' என்கிறது; திசையோடு கூடியதே 'வேகம்'. தமிழகப் பாடநூலோ முன்னதனை 'வேகம்' என்றும், பின்னதனைத் 'திசைவேகம்' என்றும் வழங்குகிறது. இங்கே பிள்ளைக்குத் திகைப்பே தோன்றாது. தெரிந்த சொல்தானே என்று மகிழ்ந்து கேட்டு, பிழையான பொருளை மனத்திலிருத்திப் பரீட்சை மண்டபத்துட் புகும். புள்ளி குறைந்ததன் காரணமும் அதற்குத் தெரியப்போவதில்லை.

வகுப்பில் விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் இருப்பாராயின் இதனை ஐந்து நிமிடத்தில் தெளிவாக்கிவிடுவார். ஆகவே ஆசிரியருள்ள பாடசாலைக்கு இணையம் துணை. இல்லாத பாடசாலைக்கு அது பாதி உதவி, பாதி பொறி. விளையாட்டிலும் சினிமாப் பாட்டிலும் பொழுது கழிகிறதே என்று அஞ்சுவோருக்கு நான் மறுப்புக் கூறவில்லை. ஆனால் அந்த நோயைப் பெற்றோர் கண்ணாற் காண்கின்றனர். இந்த நோயையோ காண்பாரில்லை. தோட்டப் பாடசாலைக்குக் கணினிகளை வழங்கிப் படம் பிடித்துக்கொள்ளும் பெரியோர், அவ்விழா முடிந்தபின் அங்குள்ள நேரசூசியையும் ஒருமுறை பார்க்க வேண்டும். பௌதிகவியலுக்கு எதிரே ஆசிரியர் பெயர் எழுதப்பட்டிருக்கிறதா?

நியமனங்கள் வரும்வரை கைகட்டியிருக்க வேண்டியதில்லை. கல்வி அமைச்சின் 'ஈ-தக்சலாவ' தளத்தில் நம் பாடத்திட்டத்திற்கமைந்த தமிழ்ப் பாடங்கள் உள. மாணவரை முதலில் அங்கு செலுத்துதல் நன்று. சுயமொழிக் கல்வி வளர்ந்த காலத்தில் அரசகரும மொழித் திணைக்களம் துறைதோறும் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டது. அவற்றிலுள்ள நம் சொற்களை ஒரு நிரலிலும், தமிழக வழக்கை மறு நிரலிலும் எழுதி, 'வேகம்' போன்றவற்றைச் சிவப்பு மையாற் குறித்து வகுப்பறைச் சுவரில் ஒட்டலாம். சப்ரகமுவாவில் இன்றுள்ள சில விஞ்ஞான ஆசிரியர்கள் கூடினால், ஒரு தவணை விடுமுறைக்குள் இதனைச் செய்து ஏனைய பாடசாலைகளுக்கும் அனுப்பிவிடலாம்.