பழைய ஐடி அப்படியே இருக்குமா?

"கேமை விட்டுட்டா என்ன, ஐடி எங்கே போகப்போகுது? எப்ப வேணும்னாலும் வந்து லாகின் பண்ணிக்கலாம்." பிளஸ் டூ பரீட்சைக்காக விளையாட்டை நிறுத்தும் பையனுக்கு நண்பர்கள் சொல்லும் ஆறுதல் இது. வேலைக்குச் சேர்ந்து நேரமில்லாமல் போனவர்களும் இதையேதான் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். இந்த நம்பிக்கை பாதிதான் சரி. மீதிப் பாதியில்தான் பல வருட உழைப்பும், வீட்டில் கெஞ்சி வாங்கிப் போட்ட டாப்-அப் காசும் காணாமல் போகின்றன. அதனால் அதன் பின்னால் இருக்கும் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்து மறுக்க வேண்டியிருக்கிறது.

கம்பெனி ஆளை இழக்க விரும்பாது, எனவே ஐடியை அழிக்காது என்பது முதல் வாதம். நடைமுறையில் இது பெரும்பாலும் உண்மை. கிளாஷ் ஆஃப் கிளான்ஸை வருடக்கணக்கில் தொடாமல் விட்டுத் திரும்பியவர்களுக்குத் தெரியும்: கிராமத்தில் புதரும் மரமுமாக முளைத்துக் கிடக்கும், சேகரிப்பான்களில் நிரம்பிக் கிடந்த எலிக்ஸரை, 'டெட் பேஸ்' எனும் ஆளில்லாத கிராமங்களைத் தேடி அலைகிறவர்கள் வந்து அள்ளிப் போயிருப்பார்கள், டவுன் ஹால் மட்டும் விட்ட நிலையிலேயே நிற்கும். ஆனால் அதை நடத்தும் சூப்பர்செல்லின் சேவை விதிகளில், 180 நாள் பயன்படுத்தாத கணக்கை முடித்துவிடும் உரிமை கம்பெனிக்கு உண்டு என்று எழுதியிருக்கிறது. அந்த உரிமையை அவர்கள் வழக்கமாகப் பயன்படுத்துவதில்லை, அவ்வளவுதான். வழக்கம் நாளைக்கே மாறினால் நம்மால் தட்டிக் கேட்க முடியாது. அந்த விதிகளுக்குச் சம்மதம் கொடுத்துத்தான் உள்ளே போயிருக்கிறோம்.

இரண்டாவது வாதம்தான் அதிகம் பேரைக் கவிழ்ப்பது: எல்லாம் சர்வரில் பத்திரமாக இருக்கிறது. இருக்கலாம். பெட்டகம் பத்திரமாக இருந்து என்ன பயன், சாவி தொலைந்துவிட்டால்? அப்படித் தொலைவதுதான் கம்பெனி அழிப்பதைவிட அதிகம் நடக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

கெஸ்ட் ஐடியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஃப்ரீ ஃபயரை முதன்முதலாகத் திறக்கும் சிறுவன் மெயில், பாஸ்வேர்டு எதுவும் கேட்காத 'கெஸ்ட்' பட்டனைத்தான் அழுத்துகிறான். அந்த ஐடி அந்தப் போனோடு கட்டுண்டது. வீட்டில் கோபப்பட்டு கேமை நீக்கினாலும், டிஸ்ப்ளே உடைந்து ஃபார்மேட் அடித்தாலும், பழைய போனைக் கொடுத்துப் புதிது வாங்கினாலும் ஐடிக்குப் போகும் வழி அடைபட்டுவிடும். சர்வரில் அவனுடைய லெவலும் ஸ்கின்னும் இருக்கும். அவை அவனுடையவை என்று காட்ட அவன் கையில் எதுவும் இருக்காது.

"நான்தான் கூகுளோடு பைண்ட் பண்ணிட்டேனே" என்பவர்களும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. இரண்டு வருடம் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை நீக்குவோம் என்று கூகுள் 2023 மே மாதம் அறிவித்தது. அந்த டிசம்பரிலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. எச்சரிக்கை மெயில் வரும். எங்கே வரும்? யாரும் திறந்து பார்க்காத அதே மெயிலுக்கும், கொடுத்திருந்தால் மாற்று மெயிலுக்கும். கேமுக்காக மட்டும் தனி ஜிமெயில் திறந்தவர்கள் நம் ஊரில் ஏராளம். அந்த மெயில் போனால் ஐடிக்கான வழியும் போகும். 'ஜிபிஏ' என்று தொடங்கும் ஆர்டர் எண்ணோடு வந்த பில்களும் சேர்ந்தே போகும். ஐடி என்னுடையது என்று வாதாட இருந்த வலுவான சான்று அவைதாம்.

போன் நம்பரும் நிரந்தரமில்லை. ப்ரீபெய்ட் சிம் 90 நாள் பயன்பாடில்லாமல், குறைந்தபட்ச பேலன்ஸும் இல்லாமல் கிடந்தால் துண்டிக்கப்படலாம். அதன் பிறகு குறைந்தது 90 நாள் கழித்து அந்த எண் வேறொருவருக்குப் போகலாம். உங்கள் ஐடிக்கான ஓடிபி அப்போது முன்பின் தெரியாத ஒருவரின் கையில் ஒலிக்கும்.

அடுத்தது, இவ்வளவு பெரிய கேம் எங்கே போய்விடும் என்ற வாதம். ஊரே வயல் உழுத ஃபார்ம்வில், ஃபேஸ்புக்கில் 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு நின்றது. ஹாரி பாட்டர்: விசார்ட்ஸ் யுனைட் 2022 ஜனவரி 31-இல் மூடப்பட்டது. ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் மொபைல் வெளியாகி ஒரு வருடம்கூட முழுதாகாமல் 2023 மே 1-இல் முடிந்தது.

நமக்கு இதைவிடச் சூடான பாடம் பப்ஜி. 2020 செப்டம்பர் 2-இல் தடை; அக்டோபர் 30-இல் இந்தியாவில் சேவை நின்றது. 2021 ஜூலையில் அதன் இந்தியப் பதிப்பான பிஜிஎம்ஐ வந்தபோது பழைய ஐடியை மாற்றிக்கொள்ள வாய்ப்பு கொடுத்தார்கள். ட்விட்டர் போன்ற சமூக ஊடகக் கணக்கோடு இணைத்திருந்தவர்கள் துப்பாக்கி ஸ்கின்களோடு வந்து சேர்ந்தார்கள். அந்த வாய்ப்பு 2021 முடிவோடு நின்றுபோனது. தடை வந்த அன்றே கேமை மறந்து 2022-இல் திரும்பியவர் புது ஆளாகத்தான் தொடங்க வேண்டியிருந்தது. அவர் எந்தத் தவறும் செய்யவில்லை. செய்தியைக் கவனிக்காமல் இருந்தார், அதற்கே இந்தத் தண்டனை. நியாயமாகச் சொல்ல இன்னொன்றும் உண்டு: 2022 ஜூலையில் ஸ்டோர்களிலிருந்து நீக்கப்பட்ட பிஜிஎம்ஐ அடுத்த மே மாதம் திரும்பியபோது ஐடிகளும் திரும்பி வந்தன. எது திரும்பும், எது திரும்பாது என்பதை முடிவு செய்வது நாம் அல்ல.

காசு கொடுத்து வாங்கியது என்னுடையதுதானே என்று கேட்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. விதிகளில் இல்லை. யூசி, டைமண்ட் என்ற கேம் காசுகள், ஸ்கின் எல்லாமே பயன்படுத்திக்கொள்ளும் அனுமதி மட்டுமே. சொத்து என்று எந்தக் கம்பெனியும் எழுதிக் கொடுப்பதில்லை.

சட்டம் காக்கும் என்ற நம்பிக்கையும் அளவோடு இருக்கட்டும். 2025 நவம்பரில் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்பு விதிகளின்படி, இந்தியாவில் 50 லட்சம் பதிவுப் பயனர்களாவது உள்ள இணைய விளையாட்டு நிறுவனங்கள், 3 வருடம் தொடர்பில் இல்லாதவரின் தரவை 48 மணி நேரம் முன்னறிவிப்பு கொடுத்து நீக்க வேண்டும். இந்தப் பிரிவு நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் உண்டு. கணக்கைத் திறப்பதற்குத் தேவையான தரவுக்கு விலக்கு இருக்கிறது. நோக்கம் நம் அந்தரங்கத்தைக் காப்பது. லெவலைக் காப்பது அல்ல.

கடைசியாக, ஐடி அப்படியே இருக்கும் என்பதற்கு நேரெதிரான ஒரு நம்பிக்கை: கேமை அன்இன்ஸ்டால் செய்தால் ஐடியும் அழிந்துவிடும். கெஸ்ட் ஐடிக்காரருக்கு வழி அடைபடுமே தவிர, நீங்குவது போனில் இருக்கும் கோப்புதான். பெயர், மெயில், நண்பர் பட்டியல் எல்லாம் சர்வரிலேயே கிடக்கும். வேறெங்கோ திருடுபோன பழைய பாஸ்வேர்டை வைத்து அதைத் திறந்து விற்பவர்களும் இருக்கிறார்கள். கணக்குத் தொடங்க வைக்கும் ஆப்களில் கணக்கை அழிக்கும் வசதியும் இருக்க வேண்டும் என்று ஆப்பிள் 2022 ஜூன் முதல் கட்டாயமாக்கியது. கூகுள் ப்ளேயும் பிறகு அதே வழிக்கு வந்தது. எனவே இனி அந்தக் கேம் வேண்டாம் என்று முடிவெடுத்தவர், நீக்குவதற்கு முன்பே செட்டிங்ஸுக்குள் போய் அழிக்கும் கோரிக்கையைக் கொடுத்துவிட வேண்டும். மாதச் சந்தா ஓடிக்கொண்டிருந்தால் அதை ஸ்டோரில் தனியாக ரத்து செய்ய வேண்டும். கேமை நீக்கினாலும் அந்தப் பணம் போய்க்கொண்டேதான் இருக்கும்.