என் திரையில் எழுத நீ யார்?

நண்பர்களே, நம் லேபில் எல்லாருக்கும் தெரிந்த கதைதான். லினக்ஸ் மாடல் தேர்வு அன்று என் பக்கத்து சீட் நண்பன் 'வி.ஐ.' எடிட்டரில் புரோகிராம் அடித்துக்கொண்டிருந்தான். முக்கால்வாசி முடிந்த நேரம், திரைக்கு நடுவே "மச்சி, டீ சாப்பிட வர்றியா?" என்று ஒரு வரி வந்து விழுந்தது. பிறகு அதே வரி பத்துத் தடவை. புரோகிராமே நாசமாகிவிட்டது என்று பயந்து, சேமிக்காமலே வெளியே வந்துவிட்டான்.

உண்மையில் ஃபைலுக்கு ஒன்றுமே ஆகவில்லை. வந்த வரிகள் திரையில் மட்டும்தான் விழுந்தன. கன்ட்ரோலையும் 'எல்'லையும் சேர்த்து அழுத்தியிருந்தால் பழையபடி ஆகியிருக்கும். அனுப்பியவன் இன்றைக்கும் "சும்மா தமாஷுக்குடா" என்கிறான். போன மார்க்கு தமாஷா?

1971-ல் வந்த யுனிக்ஸ் முதல் பதிப்பிலேயே, அடுத்தவர் திரையில் எழுதும் 'ரைட்' கட்டளையும் இருந்தது. அதைத் தடுக்கும் கட்டளையும் இருந்தது. எம், இ, எஸ், ஜி என்று நான்கே எழுத்து. நாம் 'மெசேஜ்' என்றுதான் சொல்கிறோம். அதோடு 'என்' போட்டால் தாழ்ப்பாள், 'ஒய்' போட்டால் திறப்பு. மாயம் ஒன்றுமில்லை. யுனிக்ஸில் டெர்மினலும் ஒரு ஃபைல்தான். அந்த ஃபைலில் குரூப்புக்கு உள்ள எழுதும் அனுமதியை எடுத்துவிடுகிறது, அவ்வளவே.

தாழ்ப்பாள் போடுவது நட்புக்கு விரோதம், சங்கத்து ஒற்றுமைக்குக் கேடு என்று நம்மில் சிலர் பேசுகிறார்கள். நான் ஒப்பமாட்டேன். வீடு கட்டும்போதே கதவுக்குத் தாழ்ப்பாளும் வைத்துத்தானே கட்டுகிறோம்? ஆனால் தன் கதவைச் சாத்திக்கொண்டு அடுத்தவன் திரையில் போய் எழுதுகிறவனைத்தான் எனக்குப் பிடிக்காது. அவனுக்கு யாரும் பதில் அனுப்ப முடியாது. 'ரைட்' கட்டளையே அவனை எச்சரிக்கிறது, பாருங்கள்!

அந்தத் தேர்வுக்குப் பிறகு, லாகின் செய்ததும் எல்லாரும் 'என்' போடவேண்டும் என்று உத்தரவு வந்தது. போட்டோம். இரண்டு வாரம் கழித்து யு.பி.எஸ். கத்த ஆரம்பித்தது. லேப் உதவியாளர் தன் சாதாரண லாகினில் இருந்தே 'வால்' கட்டளை கொடுத்தார். (எல்லாருக்கும் எழுது என்பதன் சுருக்கம், நம் வால்பையன்களுக்குப் பொருத்தமான பெயர்தான்.) "எல்லாரும் சேவ் பண்ணுங்க" என்ற அந்த எச்சரிக்கை ஒரு திரைக்கும் வரவில்லை. பலருக்கு அன்றைய வேலை பாதியில் போனது. அதையே 'ரூட்' லாகினில் கொடுத்திருந்தால் வந்திருக்கும். ரூட்டை எந்தத் தாழ்ப்பாளும் தடுக்காது.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். நான் செம்பரம்பாக்கத்துக்காரன். 24 அடி ஆழமும் 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவும் உள்ள ஏரிக்குப் பக்கத்தில் வளர்ந்தவன். 2015 டிசம்பர் 1 இரவு அந்த ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டார்கள். எங்களுக்கு முன்கூட்டியே யாரும் சொல்லவில்லையே என்று அடையாற்றங்கரை மக்கள் அப்போது அழுதார்கள்.

என் அண்ணனுக்கு ஒரகடத்தில் நைட் ஷிப்ட். பகலில்தான் தூக்கம். லோன் வேணுமா, பிளாட் வேணுமா என்று போன் வந்துகொண்டே இருக்கும். 2007-ல் தொடங்கிய 'தொந்தரவு செய்யாதே' பட்டியலில், 1909-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பிச் சேர்ந்து பார்த்தார். குறைந்ததே தவிர நிற்கவில்லை. கடைசியில் போனை சைலண்டில் போட்டுவிட்டுத்தான் படுப்பார். தாழ்ப்பாள்தான், அவருக்கு வேறு வழி?

2023 அக்டோபரில் பேரிடர் எச்சரிக்கையைச் சோதிக்கத் தமிழ்நாட்டு செல்போன்களுக்கெல்லாம் ஒரே நேரத்தில் செய்தி அனுப்பினார்கள். நம்பர் பார்த்து அனுப்புவதில்லை. அந்த டவரின் எல்லைக்குள் இருக்கும் போன்களுக்கெல்லாம் போகும். சைலண்டில் கிடந்த அண்ணன் போன் அலறியது. தூக்கத்திலிருந்து பதறி எழுந்தவர் கேட்டது, "ஏரி ஒடஞ்சிடுச்சாடா?" என்றுதான்.

சோதனை என்று தெரிந்ததும் திட்டிக்கொண்டே மறுபடி படுத்தார். நான் மட்டும் சந்தோஷப்பட்டேன். ரூட் லாகின் இருப்பது இதற்குத்தான். நம் லேபிலும் ரூட் பாஸ்வேர்ட் வைத்திருக்கிறவர்கள் அதைக் கரண்ட் போகும்போதும் சர்வரை நிறுத்தும்போதும் எடுக்கட்டும். பிறந்தநாள் வாழ்த்துக்கு வேண்டாம். மற்றபடி 'என்' போடுவதா 'ஒய்' போடுவதா என்பதை அவரவரிடமே விட்டுவிடலாம்.

அடுத்த பிராக்டிகலுக்கு நான் 'என்' போட்டுத்தான் உட்காருவேன். டீக்குக் கூப்பிட நினைக்கிறவர்கள் எழுந்து வந்து தோளைத் தட்டவும். காசு நீங்கள் கொடுப்பதாக இருந்தால் உடனே வருகிறேன்.