எந்தக் கம்பன்?

ராயகிரியிலிருந்து பஸ் ஏறிப் பாளையங்கோட்டைப் புத்தகத் திருவிழாவுக்குப் போகும் ஒருவர் "கம்பராமாயணம் இருக்கா?" என்று கேட்டால், "எது வேணும் அண்ணாச்சி?" என்று கடைக்காரர் திருப்பிக் கேட்பார். நியாயமான கேள்விதான். வை.மு. கோபாலகிருஷ்ணமாச்சாரியார் உரையோடு வரிசை கட்டி நிற்கும் தொகுதிகள் ஒரு பக்கம். சென்னைக் கம்பன் கழகத்தின் மூலப் பதிப்பு இன்னொரு பக்கம். கோவைக் கம்பன் அறநிலையின் உரைப் பதிப்பும் உண்டு, டி.கே.சி.யின் 'கம்பர் தரும் ராமாயண'மும் உண்டு. இவற்றுக்கு நடுவே, பதிப்பித்தவர் யார் என்ற விவரமே இல்லாமல் பளபளக்கும் அட்டையோடு மலிவுப் பதிப்பும் கிடக்கும். எல்லாவற்றின் முதுகிலும் கம்பன் பெயர்தான் இருக்கிறது. உள்ளே இருப்பவர் மட்டும் ஒரே கம்பர் அல்லர்.

இந்தச் சிக்கலின் ஒரு நுனி தென்காசிப் பக்கத்திலேயே இருக்கிறது. ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் (1882–1954) கம்பனை ஏட்டில் தேடவில்லை, காதில் தேடினார். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் கம்பன் பெயரில் வழங்கினாலும் அவற்றில் பெரும்பகுதி பின்னால் வந்தவர்கள் சொருகியது என்பது அவர் கட்சி. உருவமும் பாவமும் கூடி வராத பாட்டைக் கம்பன் பாடியிருக்கவே மாட்டான் என்று ஒதுக்கினார். ஒதுக்கியதோடு நிற்கவும் இல்லை. ஒரு சொல் இடறினால், ஏட்டில் அப்படியே இருந்தாலும், அதை மாற்றி அச்சிட்டார். புலவர்கள் கொதித்தார்கள். ஆனால் அவர் பாட்டுச் சொல்லக் கேட்டவர்கள், ராஜாஜியும் கல்கியும் உட்பட, கிறங்கிப்போனார்கள்.

அதே நெல்லைச் சீமையிலிருந்து, அவரைப் போலவே வக்கீல் தொழிலில் இருந்து வந்தவர் எஸ். வையாபுரிப் பிள்ளை (1891–1956). அவர் வழி நேர் எதிர். கிடைத்த ஏடுகளையெல்லாம் ஒப்பிட்டு, பாடபேதங்களைக் குறித்து, தன் ருசியைக் கூடியவரை ஒதுக்கிவைத்துப் பதிப்பிப்பது. 1940-ல் சைவ சித்தாந்த மகா சமாஜம் வெளியிட்ட சங்க இலக்கியம் அவர் பதிப்பித்தது. பிறகு மர்ரே எஸ். ராஜம் குறைந்த விலையில் சந்தி பிரித்த பதிப்புகளைக் கொண்டுவந்தபோது, அந்தப் புலவர் குழுவுக்கு வழிகாட்டியாக இருந்தவரும் அவரே.

சந்தி பிரிப்பது சின்ன விஷயம் போலத் தோன்றும். 'நின்றவன்' என்று சேர்ந்து கிடக்கும் ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளலாம். 'நின்று அவன்' என்று பிரித்து அச்சிட்டால் கண்ணுக்குச் சுகம். ஆனால் மறைந்திருந்த உகரம் திரும்பி வந்து உட்காருவதால் சீர் நீண்டுவிடும். வாய்விட்டுப் படிப்பவர் அந்த இடத்தில் தடுக்கிவிழுவார். அதோடு, அது 'நின்று, அவன்' என்ற பொருளா, 'நின்ற ஆள்' என்ற பொருளா என்பதை வாசகருக்கு முன்பே பதிப்பாசிரியர் முடிவுசெய்துவிட்டார். ஒவ்வொரு இடைவெளியும் ஒரு உரைதான். மர்ரே பதிப்பு தமிழுக்குச் செய்தது பேருதவி என்பதில் சந்தேகமில்லை. அதை மட்டுமே கையில் வைத்துக்கொண்டு யாப்பு பேச முடியாது என்பதிலும் சந்தேகமில்லை.

ஏடு இருந்தால்தானே ஒப்பிட? ராயகிரிக்கு அதிக தூரமில்லாத கரிவலம்வந்தநல்லூரில் நடந்ததை உ.வே.சாமிநாதையர் 'என் சரித்திர'த்தில் எழுதியிருக்கிறார். பாண்டியர் ஒருவர் சேர்த்துவைத்த சுவடிகள் கோயிலில் இருப்பதாகக் கேள்விப்பட்டு அவர் போய் விசாரித்தார். பழைய ஏடுகளைக் கண்ட இடத்தில் போடக்கூடாது என்று சாஸ்திரம் சொல்கிறதாம். அதனால் நெய்யில் தோய்த்து ஹோமத்தில் இட்டுவிட்டார்களாம். எரிந்தவற்றில் என்னென்ன இருந்தன என்று இனி யாராலும் சொல்ல முடியாது. சீவக சிந்தாமணி (1887), சிலப்பதிகாரம் (1892), புறநானூறு (1894) என்று தொடர்ந்த பதிப்புகளில், ஏடு கொடுத்தவர்களின் பெயர்களை ஐயர் அத்தனை கவனமாகக் குறித்துவைத்ததன் அருமை அப்போதுதான் விளங்கும். இன்றைய மலிவு மறுஅச்சுகள் பல, காகிதம் மிச்சம் என்று முதலில் கத்தரிப்பது அந்த முகவுரைகளைத்தான்.

மொழிபெயர்ப்புக்கு வந்தாலும் தென்காசியை விட்டு விலக வேண்டியதில்லை. 'தினமணி'யின் முதல் ஆசிரியரான டி.எஸ். சொக்கலிங்கம் தென்காசிக்காரர். டால்ஸ்டாயின் பெருநாவலை 'போரும் வாழ்வும்' என்று தமிழில் தந்தவர். சொல்லுக்குச் சொல் என்றால் 'போரும் சமாதானமும்' என்றுதான் வரவேண்டும். வாழ்வு என்று அவர் வைத்தது பத்திரிகைக்காரரின் துணிச்சல். நாவலைப் படித்து முடித்தவர்கள் அதோடு சண்டை போடமாட்டார்கள்.

தமிழுக்கு வந்த ரஷ்ய இலக்கியத்தில் பெரும்பகுதி ஆங்கிலத்தின் வழியாக வந்தது. ரஷ்ய மொழி அறிந்து மொழிபெயர்த்த பூ. சோமசுந்தரம் போன்றவர்கள் அபூர்வம். தஸ்தயேவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்', 'அசடன்' இரண்டையும் தந்த எம்.ஏ. சுசீலாவும் ஆங்கில வழியே வந்தவர்தான். அதில் குறை ஒன்றுமில்லை. ஆனால் எந்த ஆங்கிலம் என்பது முக்கியம். கான்ஸ்டன்ஸ் கார்னெட்டின் மொழிபெயர்ப்பைப் படித்தவர்களுக்கு டால்ஸ்டாய்க்கும் தஸ்தயேவ்ஸ்கிக்கும் வித்தியாசம் தெரியாது, ஏனென்றால் அவர்கள் படித்தது இருவரையுமல்ல, கார்னெட்டை என்று கவிஞர் ஜோசப் பிராட்ஸ்கி கேலி செய்ததுண்டு. தமிழ்ப் பதிப்பகங்களில் எத்தனை பேர் மூலநூல் எந்த ஆங்கிலப் பதிப்பு என்று ஒரு வரி போடுகிறார்கள்?

நவீன இலக்கியமும் தப்பவில்லை. புதுமைப்பித்தனின் எழுத்துகள் நாட்டுடைமையான பிறகு யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்றாயிற்று, அச்சிடுகிறார்கள். 2000-ல் ஆ.இரா. வேங்கடாசலபதி பதிப்பித்து காலச்சுவடு வெளியிட்ட 'புதுமைப்பித்தன் கதைகள்' ஒவ்வொரு கதையும் முதலில் எங்கே, எப்போது வெளிவந்தது என்பதைத் தேடிக் கொடுக்கிறது. ஒரே கதையின் இரண்டு பதிப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், விலை வித்தியாசம் எதற்கு என்பது தெரிந்துவிடும்.

ஆகவே ராயகிரி வாசகர் எதை வாங்குவது? கம்பனிடம் இதுவரை நெருங்கியதில்லை என்றால் டி.கே.சி.யில் தொடங்கலாம்; அது டி.கே.சி.யின் கம்பன் என்ற நினைப்போடு. மேடையில் சொல்லவோ கட்டுரையில் எடுத்துக்காட்டவோ கம்பன் கழகப் பதிப்பு. ஒரு பாட்டில் சிக்கி நின்றால் வை.மு.கோ. காசில்லாதவர்களுக்கு தமிழ் இணையக் கல்விக்கழகமும் மதுரைத் திட்டமும் கைபேசியிலேயே இருக்கின்றன.

கடையில் பின்னட்டையைப் பார்ப்பதற்கு முன்பு முதல் நாலு பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். அங்கே பதிப்பாசிரியர் பெயரோ மொழிபெயர்ப்பாளர் பெயரோ இல்லையென்றால், எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் சரி, புத்தகத்தை மேசையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.